அழகுபடுத்த வேண்டாம், நடக்க விடுங்கள்

பழைய ஊர்களின் பூங்காக்களையும் தோட்டங்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஆணையர், பொறியாளர், தொல்லியல் துறை, தோட்டக்கலைத் துறை என்று யார் மேசையில் கோப்பு இருக்கிறதோ அவருக்கு இந்த மடல். ஒரே பூங்காவில் மதில் ஒரு துறையிடமும், மரம் இன்னொரு துறையிடமும், பாதை மூன்றாவது துறையிடமும் இருப்பது எனக்குத் தெரியும். தனித்தனியாக எழுதினால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவீர்கள். அதனால் மொத்தமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் கட்டடக் கலைஞன் இல்லை, தாவரவியல் படித்தவனும் இல்லை. நடக்கிறவன். பழைய ஊர் எதற்குப் போனாலும் முதல் நாள் சாயங்காலம் கோட்டைக்கோ அரண்மனைக்கோ போவதில்லை. பெரிய மரங்கள் இருக்கிற பூங்கா எது என்று விசாரித்து, அங்கே போய் இரண்டு சுற்று நடப்பேன். ஊர்க்காரர்கள் எங்கே உட்காருகிறார்கள், எதைப் பேசிக்கொள்கிறார்கள், முந்நூறு வருஷத்துக் கல்லோடு எப்படிச் சகஜமாகப் புழங்குகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிற இடத்தில் அது தெரியாது.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு பூங்காவுக்கு மறுபடியும் போனேன். ஊர் பேர் வேண்டாம். இதே கதை பல ஊர்களில் நடக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் நான் நடந்தபோது அங்கே மண்பாதை இருந்தது. ஒரு பக்கம் பழைய மதில், மறுபக்கம் வரிசையாக மரங்கள். இந்த முறை வாசலிலேயே பலகை: அழகுபடுத்தும் பணி நிறைவடைந்தது, மதிப்பீடு இவ்வளவு, திறந்துவைத்தவர் இன்னார்.

உள்ளே போனால் மண்பாதையைக் காணோம். சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக். பூங்காவிலேயே பெரிய மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு சிமென்ட் மேடை, மேலே பளபளவென்று டைல்ஸ். மரம் சும்மா இருக்குமா? அடிமரம் பருத்து மேடையின் உள்விளிம்பை நெம்பியிருந்தது. டைல்ஸ் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. அந்த விரிசலில் விரலை விட்டுப் பார்த்தேன். முந்தின நாள் இரவுதான் நல்ல மழை, ஊரெல்லாம் சேறு. அங்கே உள்ளே பொடிமண், துளி ஈரமில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர், முதுகு சாய வழியில்லாத கிரானைட் திண்டில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றினார். வழுவழுப்பான கல், கை வழுக்கியது. ஊன்றுகோலைப் பிடித்து முயன்றார். அது டைல்ஸில் நிற்கவில்லை. மூன்றாம் தடவை நான் போய்க் கை கொடுத்தேன். “முன்னாடி மரப் பெஞ்சு இருந்துச்சு தம்பி, கைப்பிடி வச்சது” என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, தகவல் மாதிரி சொன்னார்.

இந்தப் பூங்காவை யாரும் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் ஒதுக்கி, டெண்டர் விட்டு, ஆள் வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். கேட்பாரற்றுக் கிடந்த காலத்தில் அந்த மரத்துக்கு மழையாவது கிடைத்தது. உங்களிடம் நான் கேட்க வந்தது பெரிதாக ஒன்றுமில்லை: அழகுபடுத்துவதை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் பராமரியுங்கள். உலாத்த வருகிறவர் நிழலில், மண்ணில், அவசரமில்லாமல் ஒரு சுற்று நடக்க முடிந்தால் போதும்.

பழைய ஊரில் பூங்கா என்றால் மிச்சம் கிடந்த காலி இடத்தில் நாலு செடி வைப்பது என்று ஒரு நினைப்பு உங்கள் அலுவலகங்களில் இருக்கிறது. கட்டடம்தான் வரலாறு, தோட்டம் அதற்கு ஓரம் கட்டும் பச்சை. எனக்குத் தெரிந்து பல ஊர்களில் தோட்டத்தின் கதை கட்டடத்தின் கதையைவிடச் சுவையானது.

பாரிஸின் துயிலரி தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1564இல் அரசி கத்தரீன் தெ மெதிச்சி தனக்காகப் போட்டது. நூறு ஆண்டு கழித்து லெ நோத்ர் என்ற தோட்டக் கலைஞர் அதை மாற்றியமைத்தார். வேலை முடிந்ததும், ஜனங்கள் வந்தால் பாழாகிவிடும், மன்னருக்கென்று மூடி வைக்கலாம் என்று அமைச்சர் கோல்பேர் நினைத்தார். கூடவே நடந்துகொண்டிருந்த ஷார்ல் பெரோ (தேவதைக் கதைகள் எழுதிப் பேர் வாங்கிய அதே பெரோதான்) குறுக்கிட்டு, ஊரார் அந்தத் தோட்டத்தில் எவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறார்கள், யாரும் ஒரு பூவைக்கூடப் பறிப்பதில்லை என்று எடுத்துச் சொல்லி மனத்தை மாற்றினார். இதை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அதிகாரியோடு ஒரு சுற்று நடந்தே சாதித்திருக்கிறார், பாருங்கள்.

வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப், வேட்டைக்காடாக இருந்த பிராட்டரை 1766இலும், ஆவ்கார்ட்டன் தோட்டத்தை 1775இலும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஆவ்கார்ட்டன் வாசல் வளைவில், எல்லா மனிதருக்கும், அவர்களை மதிக்கும் ஒருவர் அர்ப்பணித்த களிப்பிடம் இது என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. பேரரசர் தன் பெயரைப் போடவில்லை. இன்றைய திறப்புவிழாக் கல்வெட்டுகளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஸ்பெயினின் மத்ரித் நகரில் ரெத்திரோ பூங்கா 1868இலும், ஜப்பானின் கனாஸாவாவில் கென்ரோகுஎன் தோட்டம் 1874இலும் பொதுமக்கள் கைக்கு வந்தன. ஆட்சியாளர்களிடமிருந்து ஜனங்களுக்கு இப்படி வந்த தோட்டங்களைப் போன்றவற்றைத்தான் நீங்கள் இங்கே, காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை ஐந்தரைக்கு விசில் ஊதி வெளியேற்றுகிறீர்கள். வெயில் தாழ்ந்து, வேலை முடிந்து ஒருவர் வருவதற்கும் பூட்டுப் போடுவதற்கும் சரியாக இருக்கிறது. நடக்கிறவர்களின் நேரம் விடியற்காலையும் அந்தியும். இதைக் காவலாளி சொல்வார்; அவரைக் கேட்டு நேரம் குறித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மதில்களின் கதை இன்னும் நல்லது. போலந்தின் கிராக்கூவ் நகரில் நடுக்காலத்துக் கோட்டை மதில்கள் பாழடைந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்தார்கள். அகழி குப்பைமேடாகக் கிடந்தது. அந்த வளையத்தை அப்படியே 1822 முதல் 1830 வரை தோட்டமாக்கினார்கள். பெயர் பிளான்டி. பழைய நகரை வளைத்து நான்கு கிலோமீட்டர், மரநிழலிலேயே சுற்றி வரலாம். மதில் போய்விட்டது, ஆனால் அது ஓடிய கோட்டில் இன்று கால் நடக்கிறது. எல்லாவற்றையும் இடித்துவிடவும் இல்லை. வடக்கு வாசலையும் அதன் முன்னரணையும் பேராசிரியர் ஃபெலிக்ஸ் ராத்வான்ஸ்கி வாதாடிக் காப்பாற்றினார். வாசலை இடித்தால் வடக்குக் குளிர்காற்று ஊருக்குள் புகுந்து ஜனங்களுக்கு நோய் வரும் என்று அவர் பயமுறுத்தியதாகச் சொல்வார்கள். வரலாறு, பாரம்பரியம் என்று பேசியிருந்தால் கேட்டிருக்கமாட்டார்கள் போலிருக்கிறது. உங்களோடு பேசுகிறவர்களுக்கும் இது உதவும்.

இத்தாலியின் லூக்காவில் மதிலை இடிக்கவேயில்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய அகலமான மண்ணணை மதில், நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எதிரிக்காகக் கட்டினார்கள், எதிரி முற்றுகையிட வரவில்லை. 1812இல் வந்தது வெள்ளம்தான், அதைத் தடுத்தது. பிறகு அதே நூற்றாண்டில் மதிலின் மேலேயே சாலைமரங்களோடு உலாப் பாதை அமைத்தார்கள். இன்றைக்கு ஊரே அதன்மேல் நடக்கிறது, சைக்கிள் ஓட்டுகிறது. ஒரு பக்கம் ஓட்டுக்கூரைகளும் மணிக்கூண்டுகளும், மறுபக்கம் மலை.

கெய்ரோவைச் சொல்லாமல் விட மனமில்லை. பழைய நகரின் கிழக்கு ஓரத்தில் ஐந்நூறு வருஷமாக ஊர் கொட்டிய இடிபாடுகளும் குப்பையும் மேடுமேடாகக் கிடந்தன. அங்கே 30 ஹெக்டேரில் அல்அஸ்ஹர் பூங்காவை அமைத்து 2005இல் திறந்தார்கள். மேட்டைச் சீர்செய்தபோது, 12ஆம் நூற்றாண்டில் அய்யூபிய அரசர்கள் கட்டிய நகர மதில், ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தது. மதிலைச் சுத்தம் செய்து நிறுத்தினார்கள். அதை ஒட்டியிருந்த ஏழைக் குடியிருப்பைக் காலி செய்யவில்லை. வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். பூங்கா வந்ததும் முதல் வேலையாகச் சுற்றியிருப்பவர்களைத் துரத்தும் திட்டங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய விஷயம்.

சரி, மரத்துக்கு வருகிறேன். எனக்கு ஆதங்கம் அதிகம் அங்கேதான்.

மரத்தின் வேர், மேலே கிளை இருக்கிற அளவுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான மரங்களில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணின் முதல் இரண்டடிக்குள் இருக்கின்றன. கிளை விரிந்த வட்டத்தையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. அவற்றுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண் பொலபொலவென்று இருந்தால்தான் காற்று இறங்கும். பேவர் பிளாக் போடுவதற்கு முன் என்ன செய்கிறீர்கள்? மேல்மண்ணை வழிக்கிறீர்கள், ஜல்லி கொட்டுகிறீர்கள், ரோலர் விட்டு இறுக்குகிறீர்கள். வேருக்கு அந்த நாளே மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும். மேடை கட்டி அடிமரத்தைச் சுற்றி மண் நிரப்பினால் மண்ணுக்குள் போன பட்டை அழுகும். மரம் உடனே சாகாது. நாலைந்து வருஷம் உச்சிக்கிளை காயும், இலை சிறுக்கும். பிறகு ஒரு காற்றுநாளில் சாயும். அப்போது புயல் என்று எழுதுவீர்கள். மேடை கட்டிய ஒப்பந்தக்காரர் எப்போதோ பணம் வாங்கிப் போயிருப்பார்.

புல்தரை மோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாஜ் மகாலின் தோட்டத்தில் இன்று பார்க்கிற விரிந்த புல்தரை ஷாஜகான் காலத்தது இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த மாற்றம். முகலாயரின் நான்கு பகுதித் தோட்டம் என்பது ஓடும் நீர், பழமரம், நிழல், மணம். ஸ்பெயினின் செவில்லா அரண்மனையில் இன்னும் வேடிக்கை. 14ஆம் நூற்றாண்டில் கட்டிய முற்றம் ஒன்று பல காலமாகச் சலவைக்கல் பாவிய தரையாகவே இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டிப் பார்த்தால், கல்லுக்கு அடியில் பழைய தோட்டம்! பாதை மேலே, பாத்திகள் பள்ளத்தில். நடக்கிறவரின் காலடி உயரத்தில் செடிகளின் தலை இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு புண்ணியவான் அதை மூடிக் கல் பாவிவிட்டார். பேவர் பிளாக் ஆசை அவ்வளவு பழையது. தோண்டியவர்கள் கல்லைப் பெயர்த்துவிட்டுத் தோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

டெல்லியில் நல்ல உதாரணம் இருக்கிறது. லோதி தோட்டத்தில் 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்லறை மண்டபங்கள் நிற்கின்றன. 1936இல் அங்கிருந்த கிராமத்தை அப்புறப்படுத்திப் பூங்காவாக்கினார்கள். அது பெருமைப்பட வேண்டிய பகுதி இல்லை. ஆனால் உருவான பூங்கா இன்று ஊரின் பொதுச்சொத்து. காலையில் அங்கே நடக்கிறவர்கள் சிக்கந்தர் லோதியின் கல்லறையைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, அதைக் கடந்து போகிறவர்கள். தினமும் கடந்து போவதும் ஒரு கட்டடத்தைத் தெரிந்துகொள்கிற வழிதான். அதே நகரில் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தின் வறண்டுபோன வாய்க்கால்களை 2003 வாக்கில் சீரமைத்து மறுபடி தண்ணீர் ஓட விட்டார்கள். கலர் விளக்கு நீரூற்று வைக்கவில்லை.

கண்ணுக்கு எது படுகிறது என்பதும் நடையில் பாதி. சீனத்தின் சூச்சோ நகரில் 16ஆம் நூற்றாண்டுத் தோட்டம் ஒன்றில், குளத்துக்கு மேல் மரங்களின் இடைவெளியில் தொலைவில் ஒரு கோபுரம் தெரியும். அது தோட்டத்துக்குள் இல்லை; ஊரின் வேறொரு பக்கம் இருக்கும் வடக்குக் கோயிலின் கோபுரம். இதற்குக் கடன் வாங்கிய காட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் உலாத் தோட்டங்களிலோ நடைக்கற்களையே மேடுபள்ளமாகப் பதிப்பார்கள். கால் தடுக்காமலிருக்கக் குனிந்தே நடக்க வேண்டும். பிறகு அகலமான கல் ஒன்று வரும், அதில் நின்று தலை நிமிர்ந்தால் குளமோ மலையோ எதிரே திறக்கும். ஒருவர் எங்கே நிற்பார், எதைப் பார்ப்பார் என்று கல் போடுகிறவர் யோசித்திருக்கிறார். நான் சொன்ன பூங்காவில், பழைய மதில் முழுசாகத் தெரிகிற ஒரே வளைவு உண்டு. சரியாக அந்த வளைவில் ஊரின் பெயரை ஆளுயர எழுத்துகளில் எல்இடி போட்டு நிறுத்தி, செல்ஃபி பாயின்ட் என்று பலகையும் வைத்திருக்கிறீர்கள். படம் எடுக்கிறவர்களுக்குப் பின்னால் எழுத்து. எழுத்துக்குப் பின்னால் மதில். அதை யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் துறை மொழியிலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வரலாற்றுத் தோட்டங்களுக்கென்று 1981இல் ஃப்ளோரன்ஸ் நகரில் ஒரு சாசனம் எழுதினார்கள். அடுத்த ஆண்டு நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அவையான இக்கோமோஸ் அதை ஏற்றுக்கொண்டது. தோட்டமும் நினைவுச்சின்னமே, ஆனால் உயிருள்ளது என்கிறது அது. அழியும், புதுப்பிக்கவும் முடியும். பராமரிப்புதான் தலையாய வேலை, அது இடைவிடாமல் நடக்க வேண்டும். இந்தத் தோட்டங்கள் பார்க்கவும் உள்ளே நடக்கவும் என்றே உருவானவை. அளவுக்கும் தாங்கும் சக்திக்கும் ஏற்பக் கூட்டத்தை மட்டுப்படுத்த வேண்டும். அமைதிதான் அன்றாட நிலை, விழாக்கள் அபூர்வமாக நடக்கட்டும். இவ்வளவும் அதில் இருக்கிறது. வாரம் தவறாமல் ஒலிபெருக்கி கட்டி விழா நடத்த வாடகைக்கு விடும் பூங்காக்களின் பொறுப்பாளர்கள் அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

இடைவிடாத பராமரிப்பு என்றால் நிரந்தரத் தோட்டக்காரர். எந்த மரம் எந்த மாசத்தில் உதிர்க்கும், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தக் கிளை விழப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். அவரை எடுத்துவிட்டு மூன்று மாத ஒப்பந்தக் கூலிக்கு ஆள் வைத்தால், வருகிறவர் புல்லை வெட்டிவிட்டுப் போவார். இன்னொன்று, வயசான மரத்துக்குப் பக்கத்தில் அதே இனக் கன்றை இப்போதே நடுவது. 1999 டிசம்பர்ப் புயலில் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் பத்தாயிரம் மரங்கள் வாக்கில் சாய்ந்தன. பெரும் சேதம்தான், ஆனால் அங்கே மறுபடி நட்டு வளர்க்க ஆளும் திட்டமும் இருந்தன. நம் பூங்காவில் அந்த ஒரு மரம் விழுந்தால் உங்களிடம் என்ன இருக்கிறது?

பெஞ்சுக்கு முதுகும் கைப்பிடியும் வையுங்கள், நிழலில் வையுங்கள். பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் நகர்த்திக்கொள்ளும் இரும்பு நாற்காலிகள் உண்டு. வெயிலுக்கும் பேச்சுத்துணைக்கும் ஏற்ப அவரவர் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். திருட்டுப் போய்விடும் என்று நீங்கள் சொல்லுமுன் சொல்கிறேன், பெஞ்சே போதும். கழிப்பறையைப் பூட்டி வைக்காதீர்கள், குடிதண்ணீர்க் குழாயில் தண்ணீர் வரட்டும். குறுக்கே ஜனங்கள் நடந்து புல்லில் தானாக ஒரு தடம் விழுந்திருந்தால், அங்கே கம்பி வேலி போடாதீர்கள். பாதை அங்கேதான் வேண்டும் என்று ஊரே நடந்து காட்டியிருக்கிறது.

இத்தனையும் எழுதிவிட்டேன், எல்லாம் நடக்கும் என்று நினைக்கவில்லை. பேவர் பிளாக்கைப் பெயர்க்க உங்களுக்குத் தணிக்கைச் சிக்கல் வரும். எழுத்துப் பலகையை எடுக்க மனசு வராது. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெரிய மரத்தைச் சுற்றியிருக்கும் சிமென்ட் மேடையை மட்டும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் எடுத்துவிடுங்கள். இயந்திரம் வேண்டாம், வேர் போய்விடும்; கையுளியால் மெதுவாக உடைக்கச் சொல்லுங்கள். நிரப்பிய மண்ணைப் பழைய மட்டத்துக்கு வழித்துவிட்டு, மேலே காய்ந்த இலையைப் பரப்பிவிட்டால் போதும். உதிர்ந்த இலை பூங்காவிலேயே கிடைக்கும், அதற்கு டெண்டர் வேண்டியதில்லை. தினமும் அதைக் கூட்டி எரிக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அங்கே நடக்கிறவர்களில் ஒருவன்